கேப்டனுக்கு ஒண்ணும் ஆகலையே

அன்பையும் ஆய்வையும் இரு கண்களாகக் கொண்ட இந்த மானுடக் கூடத்தின் அவைத்தலைவர், ஆறுகளுக்குப் பாலம் கட்டிய கையால் எங்கள் மனங்களுக்கும் பாலம் கட்டும் பொறியாளர் எவரிஸ்தோ பிட்டென்கூர் அவர்களே, தீர்ப்புக்குழுவில் வீற்றிருக்கும் பெரியோர்களே, எனக்கு எண்ணும் எழுத்தும் ஈந்த ஆசிரியப் பெருமக்களே, இருப்புப்பாதையில் உழைத்துக் கறுத்த கைகளோடு வந்து நிற்கும் தொழிலாளத் தோழர்களே, தாய்மார்களே. தாய்மார்களை நான் முதலில் அழைத்திருக்க வேண்டும். கைக்குழந்தையோடு நிற்கும் ஒரு பெண்ணைப் பீடத்தில் ஏற்றி, அவளுக்கு மானுடம் என்று பெயரிட்டு, மற்றவர்கள் கடவுளுக்கு வைக்கும் பூவை அவளுக்கு வைக்கிறவர்கள் நாம். பதற்றத்தில் வரிசை மாறிவிட்டது, பொறுத்தருளுங்கள். நாற்காலி கேட்காமல் நம் நடுவே அமர்ந்திருக்கும் மறைந்தவர்களே, உங்களுக்கும் என் வணக்கம்.

என் பெயர் இபாசியா பரேதெஸ். பெண்கள் உயர்நிலைப்பள்ளியில் கடைசி வகுப்பு படிக்கிறேன். இந்தக் கூடத்தைப் பல காலம் தலைமையேற்று நடத்திய கேப்டன் லிகூர்கோ பரேதெஸின் மகள் நான். இன்று அவருக்குத் தீர்ப்பு நாள்.

பெத்ரா ரஸா ஊரே இன்று உள்ளே வந்திருக்கிறது. மாதா கோயிலுக்குப் போகிறவர்களும் வந்திருக்கிறீர்கள். எங்களுக்குச் சொர்க்கம் இல்லை, நரகம் இல்லை. மறைந்தவர் எங்கே போகிறார் என்பதை இருக்கிறவர்கள்தான் தீர்மானிக்கிறோம். ஒருவர் இறந்தால் ஏழு ஆண்டு பொறுத்திருப்போம். அழுத கண் காயட்டும், கொதித்த நெஞ்சு ஆறட்டும் என்று பொறுத்திருப்போம். பிறகு கூடி அவர் வாழ்வை ஆராய்வோம். பின்பற்றத் தக்க வாழ்வு என்று கண்டால், அவர் எலும்புகளை எடுத்துக் கூடத்தின் பின்னால் இருக்கும் தோப்பில் வைத்துக் கல்லில் பெயர் வெட்டுவோம். அன்றுமுதல் அவர் பெயர் வழிபாட்டில் ஓதப்படும். பிள்ளைகளுக்கு அவர் பாடமாவார். மறுமணம் செய்யாமல் வாழ்ந்த அவர் மனைவிக்கும் பிற்காலத்தில் அவர் அருகிலேயே இடம் உண்டு. தக்கதல்ல என்று கண்டால், எலும்புகள் ஊருக்கு வெளியே உள்ள வெளிநிலத்துக்குப் போகும். அங்கே கல் இல்லை. பெயர் இல்லை. இரண்டு மழை பெய்தால் மேடும் இல்லை.

அந்தத் தீர்ப்புக்கு முன் வீட்டில் படித்த பிள்ளை ஒருவர் மேடையேறிப் பேச வேண்டும். விதவை பேசுவது வழக்கமில்லை. ஆகையால் நான் நிற்கிறேன். என் தாய் தோனா ஓலிம்பியா முன்வரிசையில், சாம்பல்நிறப் போர்வையோடு அமர்ந்திருக்கிறார்.

உள்ளே நுழையும்போது தலைவர் ஐயா என் தலையில் கைவைத்துச் சொன்னார், "அழகாப் பேசு கண்ணு. அப்பா பேரு நிலைக்கணும்." ஐயா, உங்கள் அன்புக்கு நன்றி. ஆனால் நான் இரவெல்லாம் கேட்டுக்கொண்ட கேள்வி வேறு. நிலைக்க வேண்டியது இறந்தவரின் பெயரா, இருப்பவரின் உயிரா?

அவருக்குரியதை அவருக்கு முதலில் கொடுத்துவிடுகிறேன். குறைத்துக் கொடுத்தால் அது பொய்யாகிவிடும்.

மற்ற ஊர்க் கோயில்களில் ஞாயிற்றுக்கிழமை அப்பம் கைமாறும். இந்தக் கூடத்தில் என் தந்தை காலத்தில் நுண்ணோக்கி கைமாறியது. கால்நடைத் தொட்டியில் எடுத்த ஒரு துளி நீரைக் கண்ணாடிச் சில்லில் வைத்து, வரிசையாக எல்லோரையும் குனிந்து பார்க்கச் சொல்வார். தோல் பதனிடுபவர் பார்த்தார், சலவைக்காரி பார்த்தார், நிலைய அதிகாரி பார்த்தார். "பாத்துட்டு நம்புங்க. நான் சொன்னேன்னு நம்பாதீங்க." இதுதான் அவருடைய வேதம். ஒருமுறை ரொட்டிக்கடைக்காரர் கதவருகே நின்று எட்டிப் பார்த்தார். "கேப்டன், உங்க ஆளுங்களுக்குச் சாமிதான் இல்லைன்னு கவலைப்பட்டேன். தண்ணியில புழுவாவது இருக்கே, சந்தோஷம்" என்றார். என் தந்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அடுத்த வாரம் உங்க மாவைக் கொண்டு வாங்க, அதுல என்ன நீந்துதுன்னு பாப்போம்" என்றார். ரொட்டிக்கடைக்காரர் அதன்பின் பல வாரம் இந்தத் தெருப்பக்கமே வரவில்லை. இன்று வந்திருக்கிறார். சிரிக்கிறார். சிரியுங்கள் ஐயா, இனிமேல் சிரிக்க அதிகம் இல்லை.

விளக்கு வைத்தபின் முன்சன்னலைச் சாத்தாமல் வாழ்வது நம் கூடத்தார் வழக்கம். மறைக்க ஒன்றுமில்லாதவர் வாழ்வைத் தெருவே பார்க்கட்டும் என்பது நம் நெறி. மினுவானோ என்னும் குளிர்காற்று தெற்கிலிருந்து புல்வெளியைச் சீவிக்கொண்டு வரும் நாட்களிலும் எங்கள் சன்னல் திறந்தே இருக்கும். என் தாய் கேட்பார், "ஏங்க, உங்க நேர்மைக்கு ஒரு கம்பளி போத்தக் கூடாதா?" அவர் சாத்த மாட்டார். ஊரில் யார் வேண்டுமானாலும் எங்கள் சாப்பாட்டு மேசையைப் பார்க்கலாம். அவரிடம் மறைவு ஒன்று உண்டு என்று யார்தான் நினைத்திருப்பீர்கள்?

பிறகு வைசூரி வந்தது. இரயிலில் வந்தது, பயணச்சீட்டு வாங்காமல் வந்தது, முதல் வகுப்பையும் மூன்றாம் வகுப்பையும் வேறுபாடு பார்க்காமல் வந்தது. அந்தக் குளிர்காலம் உங்களுக்கு நினைவிருக்கிறது. மறக்க முயன்றவர்களுக்கும் நினைவிருக்கிறது.

ஓடினார்கள், வண்டி கட்டினார்கள், கதவைச் சாத்தினார்கள். என் தந்தை மட்டும் ஆட்டுமயிர்க் கிடங்கைத் திறந்தார். தானே கூட்டினார், தானே வைக்கோல் பரப்பினார். யாரும் தொடாதவர்களைத் தோளில் தூக்கி வந்தார். கொப்புளம் உடைந்த முதுகை எண்ணெய் தொட்டுத் துடைத்தார். மரவள்ளிக் கஞ்சி காய்ச்சிக் கரண்டியால் ஊட்டினார். தாயில்லாத குழந்தைக்குத் தாயானார், மகனில்லாத கிழவருக்கு மகனானார், மனிதரே இல்லாதவர்க்கு மானுடமே ஆனார். நான் மிகைப்படுத்தவில்லை. அவர் கையால் கஞ்சி குடித்துப் பிழைத்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள்.

அவருக்கு ஒரு கொப்புளமும் வரவில்லை.

அப்போதுதான் அந்த வாக்கியம் பிறந்தது. தண்ணீர்க் குழாயடியில் பிறந்து, இறைச்சிக்கடையில் வளர்ந்து, ஒவ்வொரு அடுப்படிக்கும் போய் உட்கார்ந்துகொண்டது. "கேப்டனுக்கு ஒண்ணும் ஆகலையே." மனம் சுத்தமாக இருந்தால் அம்மை அண்டாது, ஏனென்றால் கேப்டனுக்கு ஒண்ணும் ஆகலையே. அறிவுள்ளவனை நோய் தொடாது, ஏனென்றால் கேப்டனுக்கு ஒண்ணும் ஆகலையே. அற்புதத்தை நம்பாத நாம், ஓர் அற்புதத்தைச் செய்து வைத்துக்கொண்டோம்.

அந்த நாட்களில்தான் டாக்டர் நெய்வா என்பவர் வைசூரியைத் தடுக்க அம்மை குத்துவதற்கான மருந்துப் பாலைக் கண்ணாடிக் குழாய்களில் எடுத்துக்கொண்டு வந்து இறங்கினார். என் தந்தை நடைமேடைக்குப் போனார். சிறுமியான நான் அவர் விரலைப் பிடித்திருந்தேன். அவர்கள் பேசியதை அப்படியே சொல்கிறேன்.

"டாக்டர், உங்க வேலைக்கு நான் குறுக்க நிக்க மாட்டேன். மேசை தரேன், கணப்புக்கு விறகு தரேன். ஆனா ஒரு பிள்ளையைக்கூட நீங்க கையைப் பிடிச்சு இழுக்கக் கூடாது."

"இழுக்க எங்கிட்ட ஆளும் இல்ல, தெம்பும் இல்ல கேப்டன். நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும், அவங்களே வந்துருவாங்க."

"என் வார்த்தையும் ஒரு இழுப்புதான், டாக்டர்."

எவ்வளவு உயர்ந்த வாக்கு. உடலின்மேல் அரசுக்கு உரிமையில்லை, மனத்தின்மேல் தலைவனுக்கு உரிமையில்லை, ஒவ்வொருவரும் தாமே ஆராய்ந்து தாமே முடிவெடுக்க வேண்டும். இது நம் கூடத்தின் கொள்கை. நான் இன்றும் இதை நம்புகிறேன். ஆனால் அந்த உயர்ந்த வாக்கின் உயரத்திலிருந்து எத்தனை பேர் விழுந்தார்கள்?

டாக்டர் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். ஊர் எட்ட நின்று பார்த்தது. ஒரே ஒருவர் மட்டும் வந்தார். சலவை செய்யும் தோனா ஃபிர்மினா. இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் இரண்டு. நீங்கள் அதோ தூணருகே அமர்ந்திருக்கிறீர்கள், தோனா. எழ வேண்டாம். நான் தவறாகச் சொன்னால் மட்டும் திருத்துங்கள்.

நீங்கள் கேட்டீர்கள், "கேப்டன், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நீங்க குத்திக்கிட்டீங்களா?"

அவர் சொன்னார், "தோனா ஃபிர்மினா, என்னைப் பாத்து முடிவு பண்ணாதீங்க. உங்க பிள்ளைங்க, உங்க முடிவு."

நீங்கள் அவர் முகத்தையே பார்த்தீர்கள். "அப்ப நீங்க குத்திக்கல" என்றீர்கள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. "சரி, வாங்கடா" என்று பிள்ளைகளைத் திருப்பிக்கொண்டு போனீர்கள். அந்த மூன்றில் இரண்டை அந்த மாதமே வெளிநிலத்தின் ஓரத்தில் கொண்டுபோய் வைத்தீர்கள்.

தோனா, அன்று உங்களுக்குக் கிடைக்காத விடையை இன்று தருகிறேன். குத்திக்கொண்டிருந்தார். என் தந்தை குத்திக்கொண்டிருந்தார். இடது மேற்கையில் அம்மை குத்திய தழும்பு இருந்தது. தொட்டியருகே அவர் குளிக்கும்போது நானே பார்த்திருக்கிறேன். என்னவென்று கேட்டால், "பழைய காயம் கண்ணு" என்பார். அவரைக் காத்தது சுத்தமான மனம் அல்ல. அந்தத் தழும்பு.

சலசலப்புக் கேட்கிறது. சற்றுப் பொறுங்கள். இதை நான் எப்படி உறுதியாக அறிந்தேன் என்று சொல்கிறேன், ஆராயாமல் நம்பாதீர்கள்.

சில நாட்களுக்கு முன் என் தாய் மாவு வாங்கக் கடைக்குப் போனார். சந்திப்பு நிலைய ஊரில் மறுபடி வைசூரி கண்டிருக்கிறது என்ற செய்தி உங்களுக்கெல்லாம் தெரியும். அதைப் பற்றித்தான் கடையில் பேச்சு. ஒரு பெண் சொல்லிக்கொண்டிருந்தார், "குத்திக்கறதா, நமக்கெதுக்கு? போன தடவை கேப்டனுக்கு ஒண்ணும் ஆகலையே. அடுத்த வாரம் தோப்புக்கே போகப் போறாரு மனுஷன்." என் தாய் வீட்டுக்கு வந்து மாவுப் பையைத் தரையில் வைத்தார். கையைக்கூடக் கழுவவில்லை.

"இபா, உக்காரு. உங்கப்பா கல்யாணத்தன்னிக்கு எங்கிட்ட ஒண்ணு சொன்னாரு. இத்தனை நாளா அது எங்க ரெண்டு பேருக்குள்ள இருந்துச்சு."

"இப்ப?"

"இப்ப ஊருக்குள்ள இருக்கணும்."

என் தந்தை இராணுவப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தபோது, எல்லோருக்கும் அம்மை குத்த உத்தரவாயிற்று. அவர் தலைமை அதிகாரியிடம் போய்க் காரணம் கேட்டார். அது என்ன, எப்படி வேலை செய்கிறது, விளக்கினால் நானே கையை நீட்டுகிறேன் என்றார். பதினெட்டு வயதுப் பையன் கேட்ட நியாயமான கேள்வி. விடையாக மூன்று சார்ஜெண்டுகள் வந்தார்கள். ஒருவர் கழுத்தில் முழங்காலை வைத்தார், ஒருவர் கையை முறுக்கினார், மூன்றாமவர் கீறினார். மற்ற மாணவர்கள் சுற்றி நின்று சிரித்தார்கள். அவர் அழுதார். அழுததைப் பார்த்து இன்னும் சிரித்தார்கள்.

அந்தத் தழும்பை அவர் தம் உயிரைக் காத்த குறியாகப் பார்க்கவில்லை. சூடு போட்ட மாட்டின் குறியாகப் பார்த்தார். கட்டாயம் கூடாது என்ற அவருடைய கொள்கை முழுவதும் அந்தக் கையிலிருந்துதான் முளைத்தது. அதனால்தான் எந்தக் கோடையிலும் சட்டைக் கையை மடிக்க மாட்டார். மறைத்தது வஞ்சகத்தால் அல்ல, வெட்கத்தால். இதை நான் உறுதியாக நம்புகிறேன். ஆனால் அன்பர்களே, வஞ்சகம் மறைத்தாலும் வெட்கம் மறைத்தாலும் குழந்தையின் பாடையில் எடை வேறுபடுமா?

என்ன சொல்கிறீர்கள், சேணம் தைக்கும் ஓனோரியோ ஐயா? "பெத்த அப்பனை மேடையில சட்டை கழட்டுற பொண்ணு" என்கிறீர்கள். உரக்கவே சொல்லுங்கள். கிடங்குக்கு என் தந்தை முதலில் தூக்கி வந்தது உங்களைத்தான். உங்கள் கோபத்துக்கு உரிமை இருக்கிறது, அது எனக்குக் குத்தவும் செய்கிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன். தண்ணீர்த் துளியைக்கூடப் பார்த்துவிட்டு நம்பு என்றவர், தம் கையை மட்டும் நம்மைப் பார்க்க விடவில்லையே. அவர் கற்பித்ததை அவர்மீதே செலுத்துவது துரோகமா? அல்லது செலுத்தாமல் விடுவதா?

எனக்கு ஒரு தம்பி இருந்தான். நம் நாட்காட்டியின் கடைசி மாதத்துக்கு உரிய உடற்கூற்று அறிஞரின் பெயரை அவனுக்கு இட்டார் என் தந்தை. பிஷா. தெருப்பிள்ளைகள் "பிஷா, புஷா" என்று கேலி செய்வார்கள், அவனும் சேர்ந்து சொல்லிச் சிரிப்பான், மூன்று வயது. டாக்டர் நெய்வாவின் மேசை எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். என் தாய் கேட்டார், "பிள்ளைக்காவது வைக்கலாங்க." அவர் சொன்னார், "அவனுக்கு முடிவெடுக்கற வயசு வரட்டும், ஓலிம்பியா. இன்னொருத்தன் கையை நான் பிடிக்க மாட்டேன்."

அந்த வயது வரவில்லை.

அவனை யாரிடமும் கொடுக்காமல் தாமே குளிப்பாட்டினார். அவ்வளவு பேரைத் துடைத்த கை, தம் பிள்ளையின் முதுகைக் கடைசியாகத் துடைத்தது. என் தாய் பக்கத்தில் நின்று, "இப்பவாவது ஊருக்குச் சொல்லிடுங்க" என்றார். "சொல்றேன்" என்றார். அதற்குள் டாக்டர் நெய்வா, ஆளே வராத மேசையை மடித்துக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டிருந்தார்.

ஆண்டின் கடைசி நாள், மறைந்தோர் திருநாள். நீங்கள் எல்லோரும் இங்கே இருந்தீர்கள். அன்று அவர் இந்த மேடையில், இந்த மேசையின் பின்னால் நின்றார். பிறகு இடது கை மணிக்கட்டில் சட்டைப் பொத்தானைக் கழற்றினார். நினைவிருக்கிறதா? துணியை முழங்கை வரைக்கும் தள்ளினார். நின்றார். உங்கள் முகங்களைப் பார்த்தார். தோனா ஃபிர்மினாவின் முகத்தைப் பார்த்தார். துணியை இழுத்துவிட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார். பிள்ளையை இழந்த துயரம் என்று நினைத்து நீங்கள் எல்லோரும் அழுதீர்கள். அவருக்காக அழுதீர்கள். அவர் எதைக் காட்ட வந்தார் என்று இன்றுதான் உங்களுக்குத் தெரிகிறது.

அதன்பின் அவர் சாப்பிட்டதும் உறங்கியதும் பெயருக்குத்தான். அடுத்த குளிர்காலத்தில் நுரையீரல் சுரம் வந்தது, அவர் அதோடு போராடவில்லை.

தலைவர் ஐயா மெல்லச் சொல்கிறார், "குட்டி, நீ அவருக்காகப் பேசணும்." ஐயா, அவருக்காகத்தான் பேசுகிறேன். இந்த மேசையின் பின்னால் நின்று அவரால் முடியாமற்போனதைப் பேசுகிறேன். இதைவிட அவருக்காகப் பேச எனக்குத் தெரியவில்லை.

என் தந்தை கெட்டவர் அல்லர். கெட்டவராக இருந்திருந்தால் இன்று நம் வேலை எவ்வளவு எளிதாக இருந்திருக்கும். நல்லவர், நாம் பார்த்தவர்களிலே மிக நல்லவர். நல்லவரின் மௌனம்தான் நாலு தெருவுக்குக் கேட்கும்.

நம் நெறி இரண்டு சொல்கிறது. ஆராய்ந்து நம்பு என்கிறது. யாரையும் கட்டாயப்படுத்தாதே என்கிறது. முதலாவது இல்லாமல் இரண்டாவது நிற்குமா? அறிய விடாமல் ஒருவரிடம் "முடிவு உன்னுடையது" என்று சொன்னால், அது விடுதலையா? கண்ணைக் கட்டிவிட்டு, "வழி உன் விருப்பம்" என்றால் அது மரியாதையா? சார்ஜெண்டுகள் அவருடைய கையைப் பிடித்தார்கள். அவர் நம்முடைய கண்ணைப் பொத்தினார். கையைப் பிடிப்பது வன்முறை என்றால், கண்ணைப் பொத்துவது என்ன? தோனா ஃபிர்மினா அன்று எடுத்தது முடிவா? இல்லை. முடிவெடுக்கும் உரிமையை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டு, அவரே எடுத்ததுபோல அவர் இடுப்பில் திருப்பி வைத்து அனுப்பினோம். இந்த ஏழு ஆண்டும், இன்னும் அதிகமும், அந்த அம்மாள் தம்மையே குற்றம் சொல்லிக்கொண்டு பிறர் துணியை வெளுத்துக்கொண்டிருந்தார். தோனா, அந்தக் குற்றம் உங்களுடையது அல்ல. அதைத் திருப்பி வாங்கிக்கொள்ளவே நான் வந்தேன். அது எங்கள் வீட்டுப் பொருள்.

குழுவில் ஒரு பெரியவர் கேட்கிறார், தோப்பிலும் வைப்போம், கல்லில் இந்த உண்மையையும் வெட்டுவோம், ஆகாதா என்று. ஐயா, உங்கள் இரக்கம் புரிகிறது. ஆனால் தோப்புக்குள் போகிறவர்கள் கல்லில் பெயரைப் படிப்பார்கள், பூ வைப்பார்கள், திரும்புவார்கள். கீழே உள்ள சின்ன எழுத்தை யார் குனிந்து படித்தார்கள்? தோப்புக்குப் போகிறவர் பாடமாகிறார். மாவுக்கடையில் அந்தப் பாடம் ஏற்கெனவே ஓதப்பட்டாயிற்று. "கேப்டனே குத்திக்கல, கேப்டனுக்குத் தோப்பு." இன்று நாம் அவரை அங்கே வைத்தால், நாளைக்கு எத்தனை பிள்ளைகளை அவருக்குத் துணையாக அனுப்புவோம்?

நான் என் தாயிடம் சொன்னேன், "அம்மா, இதைச் சொன்னா உனக்கும் தோப்புல இடம் போயிடும். அப்பா பக்கத்துல படுக்கணும்னுதானே இத்தனை வருஷம் இருந்தே." அவர் மாவு ஒட்டிய கையால் என் கன்னத்தைத் தட்டினார். "எனக்கு எந்த இடமா இருந்தா என்னடி, நான் எந்திரிச்சு உக்காந்து வேடிக்கையா பாக்கப் போறேன்?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பிறகு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எங்கள் வீட்டில் ஒரு கதவு சாத்தும் ஓசையை நான் கேட்டது அதுவே முதல் தடவை.

தாய்மார்களே, நான் சந்திப்பு நிலைய ஊருக்குப் போய்க் குத்திக்கொண்டு வந்தேன். ஒருவரும் இழுக்கவில்லை. அங்கிருந்த டாக்டரிடம் என் தந்தை கேட்ட அதே கேள்வியைக் கேட்டேன். அது என்ன, எப்படி வேலை செய்கிறது? பசுவின் அம்மையிலிருந்து எடுத்த பால் என்றும், உடம்பு சிறிய பகைவனோடு போரிட்டுப் பெரிய பகைவனோடு போரிடக் கற்றுக்கொள்கிறது என்றும் பொறுமையாக விளக்கினார். கையை நீட்டினேன். அவ்வளவுதான். என் தந்தைக்கு யாராவது ஒருவர் அன்று இதைச் சொல்லியிருந்தால். இப்போது கை வீங்கியிருக்கிறது, சுரமும் இருக்கிறது, அது வழக்கம்தான் என்றார் டாக்டர். ஆகையால்தான் மேசையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், பயத்தால் அல்ல. கொஞ்சம் பயத்தாலும்தான்.

நாளைக் காலை அந்த டாக்டர் நம் நிலையத்துக்கு வருகிறார். அதே நடைமேடையில் மேசை போடுவார். கேட்பவர்களுக்கெல்லாம் விளக்குவதாக எனக்கு வாக்களித்திருக்கிறார். கேளுங்கள். கேள்வி கேட்டுக் களைக்க வையுங்கள். பிறகு முடிவெடுங்கள்.

இன்னும் சற்று நேரத்தில் தலைவர் கேட்பார், "தோப்புக்கு ஒப்புகிறவர்கள் எழுந்து நிற்கலாம்" என்று. அவரை நான் நேசிக்கிறேன். இந்தச் சொல்லை நான் குறைக்கவோ திருத்தவோ போவதில்லை. நேசிப்பது வேறு, பின்பற்றுவது வேறு. அந்தக் கேள்வி வரும்போது என் தாய் எழமாட்டார். நான் எழமாட்டேன். அவர் எலும்புகளை வெளிநிலத்துக்கு எடுத்துச் செல்லும்போது கூடையின் ஒரு பக்கத்தை நான் பிடித்துக்கொள்வேன். மறுபக்கத்தை என் தாய் பிடிப்பார். கனமாக இராது என்கிறார்கள்.

நீங்கள் எழுவதும் அமர்வதும் உங்கள் விருப்பம். நான் யார் கையையும் பிடித்து இழுக்க மாட்டேன். ஆனால் ஒன்று. உங்களில் ஒருவரும் இனித் தெரியாமல் முடிவெடுக்க முடியாது.

குறுக்கே பேசியவர்களுக்கும், பேசாமல் பொறுத்தவர்களுக்கும், ஒரு மாணவிக்கு இவ்வளவு நேரம் தந்த தலைவர் ஐயாவுக்கும், இந்தக் கூடத்துக்குள் மீண்டும் காலெடுத்து வைத்த தோனா ஃபிர்மினாவுக்கும் என் நன்றி. நலமாக இருங்கள், உங்கள் பிள்ளைகளும் நலமாக இருக்கட்டும். வணக்கம்.